கதவு மாற்றிய இடத்தில் பூச்சு ஏன் விரிகிறது?

கேள்வி: பின்வாசல் மரநிலையைக் கரையான் அரித்துவிட்டதால் எடுத்துவிட்டு யு.பி.வி.சி. கதவு வைத்தோம். ஏழடிக்கு மூன்றடி. நிலையைப் பெயர்த்தபோது வெளிப்பக்கம் மூன்று புறமும் அரையடி அகலத்துக்குப் பூச்சு உடைந்தது. கொத்தனார் அன்றைக்கே பூசிக் கொடுத்தார். இரண்டே மாதத்தில் நிலையை ஒட்டி மயிரிழை விரிசல். பழைய பூச்சும் புதுப்பூச்சும் சேரும் இடத்திலும் ஒரு கோடு. பட்டி வைத்து அடைத்தோம், மறுபடி விட்டுவிட்டது. சுவர் முழுவதையும் கொத்திப் பூச வேண்டுமா? ஐப்பசி மழைக்குமுன் முடிய வேண்டும்.

பதில்: சுவர் முழுவதையும் கொத்த வேண்டாம். உங்கள் சுவரில் இருப்பவை இரண்டு தனித்தனி விரிசல்கள், காரணமும் வேறு வேறு. இரண்டையும் ஒரே பட்டியால் அடைத்ததால்தான் இரண்டுமே திரும்பி வந்தன.

நிலையை ஒட்டிய விரிசலைப் பாருங்கள். யு.பி.வி.சி. என்பது கெட்டிப் பிளாஸ்டிக்; வெயிலில் நீண்டு இரவில் சுருங்கும் பொருள். சிமெண்ட் பூச்சைவிடப் பல மடங்கு அசையும். ஏழடி நிலையில் 20 டிகிரி வெப்ப வித்தியாசத்துக்கே ஏறக்குறைய 2 முதல் 3 மில்லிமீட்டர் வரும். சிமெண்ட் அதன் வழவழப்பான மேல்தளத்தில் பிடிப்பதுமில்லை. பூச்சை நிலையோடு அழுத்தி ஒட்டினால், எவ்வளவு நல்ல கொத்தனார் பூசினாலும் அந்த இடம் பிரிந்தே தீரும். ஆகவே நிலைக்கும் பூச்சுக்கும் நடுவே 6 மி.மீ. இடைவெளியை நாமே விட்டு, இழுபடும் சீலன்ட்டால் (ரப்பர்போல் வளையும் அடைப்புப் பசை) மூட வேண்டும். இந்த வேலையில் மற்ற எதைவிடவும் இதுதான் முக்கியம்.

பழைய பூச்சோடு சேரும் கோடு வேறு கதை. காய்ந்துபோன பழைய விளிம்பு புதுக்கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும். கலவை இறுகும்முன் வறண்டு சுருங்கி விளிம்பைவிட்டு விலகும். விளிம்பு கரடுமுரடாக, ஓரத்தில் காகிதம்போல் மெலிந்து முடிந்திருந்தால் இன்னும் சீக்கிரம் விடும்.

வேலையைத் தொடங்குமுன் கரண்டிக் காம்பால் சுற்றுப்புறம் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் கேட்கிற வரைக்கும் பழைய பூச்சு செங்கல்லைவிட்டுப் பிரிந்திருக்கிறது என்று பொருள். அதையும் எடுத்தாக வேண்டும். நல்ல சத்தம் வரும் இடத்தில் நேர்கோடு போட்டு, கட்டிங் மிஷினால் பூச்சின் கனத்துக்கு மட்டும் வெட்டி, உட்புறத்தை உளியால் கொத்துங்கள். மேல்மூலை இரண்டிலும் ஒரு சாண் கூடுதலாக எடுங்கள். லிண்டல் (வாசலுக்கு மேலே சுவரைத் தாங்கும் விட்டம்) கான்கிரீட்டும் செங்கல்லும் சந்திக்கும் இடம் அங்கே இருக்கிறது. கதவை அடித்துச் சாத்தும் அதிர்ச்சியில் சாய்வாக விரிவதும் அங்கேதான். செங்கல் இணைப்புகளை 10 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டி, வழவழப்பான கான்கிரீட்டைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, தூசி போகக் கழுவுங்கள். பழைய நிலையைக் கரையான் அரித்திருப்பதால், மூடுவதற்குமுன் அந்தப் பொந்துகளில் கரையான் மருந்தை டப்பாவில் சொன்ன அளவில் கலந்து ஊற்றிக் காயவிடுவது அவசியம். பூசியபின் அந்த வாய்ப்பு கிடைக்காது.

நிலைக்கும் சுவருக்கும் நடுவே ஃபோம் (உப்பி இறுகும் நுரை) அடித்திருப்பார்கள். வெயில் பட்டால் அது பொடியாகும், கலவையும் அதில் பிடிக்காது. அதை 20 மி.மீ. உள்ளே தள்ளி வெட்டிவிடுங்கள். இடைவெளி ஓரங்குலத்துக்கு மேல் இருந்தால் ஃபோமை நம்பாமல், செங்கல் துண்டும் கலவையும் வைத்து இறுக்கி அடைத்து இரண்டு நாள் விடுங்கள். பிறகு அரையங்குலக் கண் கோழிவலையைச் செங்கல்லில் ஆணியடித்துப் பொருத்துங்கள். லிண்டல் இணைப்பில் இருபுறமும் அரையடி ஏறியிருக்கட்டும். வலை நிலையைத் தொடக் கூடாது.

வெளிப்பூச்சுக்கு ஒன்றுக்கு நான்கு கலவை, அதாவது ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல். ஒன்றுக்கு மூன்று போட்டால் பலம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதிகச் சிமெண்ட் அதிகமாகச் சுருங்கும், விரிசலும் அதிகம். வாசல் பக்கவாட்டின் உட்புறத்தையும் சேர்த்தால் உங்களுக்கு ஏறக்குறைய 1.5 சதுர மீட்டர் வரும். 20 மி.மீ. கனத்துக்கு, சேதாரம் உட்பட, 15 கிலோ சிமெண்டும் ஒன்றரைக் கனஅடி சலித்த பி-சாண்டும் (பூச்சுக்கென்று கல்லை அரைத்த நைசான மணல்) போதும். கட்டுவேலைக்கான எம்-சாண்ட் பூச்சுக்கு முரடு. உப்புத் தண்ணீரில் கலக்காதீர்கள், பின்னால் சுவரில் பூத்துக்கொண்டு வரும். கலந்ததை ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். இறுகியதில் தண்ணீர் தெளித்து மறுபடி கிளறியது எதற்கும் உதவாது.

(வீடு சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீடாக இருந்தால் இந்தக் கலவை பொருந்தாது. மென்மையான சுவர்மேல் கெட்டிச் சிமெண்ட் ஈரத்தை உள்ளே பூட்டி, பழைய காரையையும் பிடுங்கிக்கொண்டு விழும். சுண்ணாம்பிலேயே பூச வேண்டும்.)

முந்தின நாள் மாலை சுவரை நன்றாக நனைத்து, பூசும்போது ஈரம் இருக்கவும் தண்ணீர் மினுக்கம் இல்லாமலும் பாருங்கள். வெட்டிய விளிம்புக்கு எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் (ஒட்டுதலைக் கூட்டும் ரப்பர் பால்) கலந்த சிமெண்ட் பாலைப் பிரஷால் தடவி, அது காய்வதற்குள் கலவையை வைக்க வேண்டும். காய்ந்துவிட்டால் ஒட்டுவதற்குப் பதில் பிரிக்கிற படலமாகிவிடும். நிலையை ஒட்டி 6 மி.மீ. கனப் பட்டையொன்றை எண்ணெய் தடவி நிறுத்திக்கொள்ளுங்கள், அந்த இடம் தானாகக் காலியாக நிற்கும். முதல் பூச்சு 12 மி.மீ.; இறுகும்போது ஆணியால் கீறிவிட்டு, ஒருநாள் ஈரமாகவே வைத்து, மறுநாள் மீதியைப் பூசி மணியாஸ் கட்டையால் பழைய தளத்துக்குச் சமமாகத் தேயுங்கள். கடைசியில் காய்ந்த சிமெண்டைத் தூவி வழிக்கும் பழக்கத்தை அனுமதிக்காதீர்கள். மேல்தோல் மட்டும் கெட்டியாகி வலைபோல் விரியும். லிண்டல் அடிப்புறத்தில், வெளிவிளிம்பிலிருந்து ஓரங்குலம் உள்ளே, 10 மி.மீ. அகலத்தில் ஒரு காடி போட்டுவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே ஊர்ந்து வராமல் அங்கேயே சொட்டிவிடும்.

சுவர் மேற்குப் பார்த்ததென்றால் நிழல் வந்தபின் பூசி, ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள். ஏழு நாள், தினம் மூன்று வேளை தண்ணீர். 28 நாள் கழித்து பிரைமரும் பெயின்டும். ஒட்டு தெரியக் கூடாதென்றால் மூலையிலிருந்து மூலைவரை அந்தச் சுவர் முழுவதற்கும் அடிக்க வேண்டும், ஒட்டுக்கு மட்டும் அடித்தால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். கணக்குப் பார்த்தால் ஆவணிக்குள் பூசி முடித்தால்தான் ஐப்பசிக்கு முன் பெயின்ட் ஏறும்.

பெயின்ட் காய்ந்தபின், பட்டையை எடுத்த இடைவெளியில் 8 மி.மீ. ஃபோம் கயிற்றை அழுத்தி நுழைத்து, மேலே 6 மி.மீ. ஆழத்துக்கு நியூட்ரல் சிலிகான் (புளிப்பு வாடை இல்லாத வகை சீலன்ட்) நிரப்புங்கள். ஒரு 300 மில்லி குழாய் மூன்று பக்கத்துக்கும் போதும். புளிச்சவாடை அடிக்கும் மலிவான சிலிகான் சிமெண்டில் சரியாகப் பிடிக்காது. சிலிகான்மேல் பெயின்ட்டும் ஒட்டாது, அதனால் நிலையின் நிறத்திலேயே வாங்குங்கள். நிலையின் அடிச்சட்டத்தில் தண்ணீர் வெளியேறச் சிறு துளைகள் இருந்தால், கலவையோ சிலிகானோ அவற்றை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.