கேளுங்க சொல்றோம்: புலி போட்ட அஞ்சு ரூபாய்

கே: அண்ணே, ஊருக்குப் போய்ட்டு வந்தப்ப சில்லறையில ஒரு அஞ்சு ரூபாய் காயின் கிடைச்சுது, புலியும் பனைமரமும், 1935–2010னு இருக்கு. லட்சத்துக்குப் போகும்னு வாட்ஸ்அப்ல வருதே, நிஜமா?
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

ப: அட போங்கம்மா! அது இந்திய ரிசர்வ் பேங்க் முத்திரை, 1935 ஏப்ரல் 1ல ஆரம்பிச்சது, 75 வருஷம் ஆனதுக்கு அடிச்சு புழக்கத்துலயே விட்டுட்டாங்க, அதனால ஊர்க் கடையில குடுத்தா அஞ்சு ரூபாய்தான். இன்கம் டாக்ஸுக்கும் 150 வருஷ காயின் வந்துச்சு, சாணக்கியர் படத்தோட (வரி கட்டினவங்களுக்கு ஒரு ஆறுதல்!). நம்ம சிங்கப்பூர் 2013 சீரிஸ் 20 காசுல சாங்கி ஏர்போர்ட், 10 காசுல வீவக (அரசு அடுக்குமாடி வீடு) பிளாக் இருக்கே, அதெல்லாம் நினைவு நாணயம் இல்ல, ரெகுலர் சில்லறை. புளி போட்டு மட்டும் தேய்ச்சிடாதீங்க, சேகரிக்கிறவங்களுக்குப் பிடிக்காது. வித்துத் தர்றேன், முதல்ல ஃபீஸ பேநவ்ல (போன் வழியா பணம் அனுப்புறது) அனுப்புங்கன்னு யாராச்சும் சொன்னா போனை வச்சிடுங்க, இந்த மாதிரி மோசடியப் பத்தி ரிசர்வ் பேங்கே 2021ல எச்சரிச்சிருக்கு.