வீட்டுப் பட்டறையில் துப்பாக்கி: மெஷினுக்கு லைசென்ஸ் வேண்டுமா?

கேள்வி: கோவையில் வீட்டு மாடியில் ஒரு த்ரீடி பிரிண்டரும் சின்ன லேத்தும் வைத்துப் பொழுதுபோக்காக வேலை செய்கிறேன். அமெரிக்காவில் பிரிண்டருக்கே கட்டுப்பாடு கொண்டுவரப் பார்க்கிறார்களாமே, இங்கேயும் லைசென்ஸ் எடுக்க வேண்டுமா? அக்கா மகன் பொம்மைத் துப்பாக்கி கேட்கிறான். தெரிந்தவர் ஒருவர் ஏர் கன்னைக் கொண்டுவந்து, 'வேகத்தைக் கூட்டிக் கொடு' என்கிறார். செய்யலாமா?

பதில்: பிரிண்டருக்கும் லேத்துக்கும் லைசென்ஸ் தேவையில்லை. பொம்மையைச் செய்து கொடுங்கள். ஏர் கன்னைத் தொடாதீர்கள்.

அமெரிக்காவின் நிலைமை வேறு. அங்கே மத்திய சட்டப்படி, துப்பாக்கி வைத்திருக்கத் தடையில்லாத ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்கு ஒன்றைச் செய்துகொள்ளலாம். 2013ல் 'லிபரேட்டர்' என்ற பிளாஸ்டிக் கைத்துப்பாக்கியை த்ரீடி பிரிண்டரில் அச்சிடுவதற்கான கோப்பு இணையத்தில் வந்ததிலிருந்து இது பெரிய தலைவலியாகிவிட்டது. மத்திய சட்டம் செய்வதைத் தடுக்காததால், சில மாநிலங்கள் கருவியின் பக்கமும் திரும்பின. துப்பாக்கி செய்வதையே முக்கிய வேலையாகக் கொண்ட சிஎன்சி மெஷின்களின் (கணினி இயக்கத்தில் உலோகத்தைக் கடையும் கருவிகளின்) விற்பனையை கலிஃபோர்னியா 2022ல் கட்டுப்படுத்தியது. பிரிண்டர் வாங்குபவரின் குற்றப் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும் என்று 2023ல் நியூயார்க்கில் ஒரு மசோதா வந்தது. பொம்மையும் பைப் கிளாம்பும் செய்பவர்களை எல்லாம் சந்தேகப் பட்டியலில் நிறுத்துகிற வழி இது, எனக்கு உடன்பாடில்லை.

நம் ஊரில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் செயலையே பிடிக்கிறது. 5ஆம் பிரிவின்படி, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி தயாரிப்பது மட்டுமல்ல, மாற்றுவதும் பழுதுபார்ப்பதும் சோதித்துப் பார்ப்பதும்கூடக் குற்றம். 'எனக்காகத்தான் செய்தேன், விற்கவில்லை' என்ற பேச்சு எடுபடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்ச தண்டனை 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள்.

உதிரி பாகமும் இதில் அடங்கும் என்பதைத்தான் பட்டறைக்காரர்கள் பலர் கவனிப்பதில்லை. துப்பாக்கியின் பாகங்களையும், அதைத் தயாரிப்பதற்கான இயந்திரங்களையும் சட்டம் துப்பாக்கி என்றே கணக்கில் எடுக்கிறது. உங்கள் லேத் பொதுவான கருவி, அதனால் பயமில்லை. ஆனால் நாட்டுத் துப்பாக்கிக்கு ஒரு சின்ன பின் கடைந்து கொடுத்தாலும் சிக்கல்தான். 'இந்த அளவுக்கு ஒரு பின் கடைந்து கொடுங்க' என்று வெறும் துண்டுச் சீட்டோடு யாராவது வந்தால், எதற்கு என்று கேட்காமல் லேத்தில் மாட்டாதீர்கள்.

இப்போது ஏர் கன். 2016 ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 0.177 அங்குலத்தையும், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூல் (ஆற்றலின் அலகு) அளவையும் தாண்டாதவரை லைசென்ஸ் வேண்டாம். அரை கிராம் பெல்லட் (ஏர் கன் குண்டு) நொடிக்கு 200 மீட்டரில் போனால் 10 ஜூல். அதையே 285 மீட்டருக்குக் கொண்டுபோனால் 20ஐத் தாண்டிவிடும். வேகம் பாதி மடங்குகூடக் கூடவில்லை, ஆனால் ஆற்றல் இரண்டு மடங்காகிவிட்டது. அதோடு அது லைசென்ஸ் தேவைப்படும் ஆயுதம் ஆகிவிடும். மாற்றிக் கொடுத்தவர் நீங்கள். நண்பர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, திருப்பி அனுப்புங்கள்.

சரி, பொம்மை. விளையாட்டுக்கு மட்டுமே பயன்படக்கூடிய, ஆயுதமாக மாற்ற முடியாத பொருளைச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. அதே சமயம், துப்பாக்கி போலத் தெரியும் போலியை நிஜமாக மாற்றுவது 6ஆம் பிரிவில் தனிக் குற்றம். அதனால் குழலைத் துளையில்லாமல் கெட்டியாக அச்சிடுங்கள், உள்ளே உலோகம் எதுவும் வைக்காதீர்கள். கறுப்பு வேண்டாம், ஆரஞ்சோ பச்சையோ போடுங்கள். பையன் அதைத் தெருவுக்கு எடுத்துப் போனாலும், பார்க்கிறவர்களுக்குத் தூரத்திலிருந்தே அது பொம்மை என்று தெரிய வேண்டும்.