ரிமோட் கார் ரேஸுக்கு டெலிமெட்ரி உள்ள ரேடியோ அவசியமா?

கேட்டவர் இப்போது 1/10 அளவு எலக்ட்ரிக் பக்கி (மண் ட்ராக்கில் ஓடும் கார் வகை) ஓட்டுகிறார். சீக்கிரமே 1/8 அளவு நைட்ரோவுக்கு (எரிபொருளில் ஓடும் எஞ்சின் கார்) மாறப் போகிறார். அதற்கு முன் டெலிமெட்ரி (காரிலிருந்து வோல்டேஜ், சூடு போன்ற எண்களைத் திரும்ப அனுப்பும் வசதி) உள்ள டிரான்ஸ்மிட்டர் (கையில் பிடிக்கும் ரேடியோ) வாங்கினால் லேப் டைம் குறையுமா என்பது அவர் கேள்வி. லேப் டைமுக்காக என்றால் வேண்டாம். நைட்ரோவுக்காக என்றால் தாராளமாக வாங்குங்கள்.

27, 40 மெகாஹெர்ட்ஸில் கிரிஸ்டல் மாற்றி மாற்றி ஓட்டிய காலத்தில் ரேடியோ ஒருவழிப் பாதை. கையிலிருந்து காருக்குப் போகும், திரும்பி எதுவும் வராது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்த பிறகு காரில் இருக்கும் ரிசீவரும் நடுநடுவே பதில் அனுப்ப ஆரம்பித்தது. ஃபுட்டபாவில் டி-எஃப்எச்எஸ்எஸ், சான்வாவில் எஃப்எச்4டி, இப்படி ஆளுக்கொரு சிக்னல் முறை வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. ஒரே கம்பெனிக்குள்ளேயே கவனம் தேவை. ஃபுட்டபா ரேடியோவை எஸ்-எஃப்எச்எஸ்எஸ் ரிசீவரோடு சேர்த்தால் கார் ஓடும், டெலிமெட்ரி மட்டும் வராது. செகண்ட் ஹேண்டில் ரிசீவர் வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

இப்போது உங்களிடம் இருக்கும் எலக்ட்ரிக் காருக்கு வருவோம். தனியாகச் சென்சார் எதுவும் மாட்டாவிட்டால் பெரும்பாலும் கிடைப்பது ஒரே ஒரு எண்தான்: ரிசீவருக்கு வரும் வோல்டேஜ். புதிதாக வாங்கியவர்கள் இதைப் பார்த்துவிட்டு, "அஞ்சு நிமிஷம் ஓட்டியும் பேட்டரி இறங்கவே இல்லையே" என்று சந்தோஷப்படுவார்கள். அது பேட்டரியின் வோல்டேஜ் இல்லை. ஈஎஸ்சிக்குள் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) இருக்கும் பிஇசி (ரிசீவருக்கு நிலையான வோல்டேஜ் கொடுக்கும் பகுதி) தருகிற வோல்டேஜ். பிஇசியை 6 வோல்ட்டில் வைத்திருந்தால், லிப்போ பேட்டரி 8.4-இல் இருந்தாலும் 7.4-க்கு இறங்கியிருந்தாலும் திரையில் 6 தான் தெரியும். மெயின் பேட்டரியைப் பார்க்க வேண்டுமென்றால் ரிசீவரில் அதற்கென்று இருக்கும் போர்ட்டிலிருந்து பேட்டரி வரைக்கும் தனியாக ஒரு வயர் இழுக்க வேண்டும். இழுத்துப் பார்த்தாலும் ஐந்து நிமிட ரேஸில் அதனால் பெரிய லாபம் இல்லை. நல்ல 2எஸ் (இரண்டு செல்) பேக் அதைத் தாண்டியும் ஓடும், தாண்டாவிட்டால் ஈஎஸ்சியே கட் ஆஃப் செய்துவிடும்.

சரி, அந்த பிஇசி எண்ணால் உபயோகமே இல்லையா? உண்டு. 6 வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் வளைவுகளில் மட்டும் எண் இறங்கினால், ஸ்டீயரிங் சர்வோ (சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டார்) பிஇசியால் கொடுக்க முடிந்ததைவிட அதிகமாகக் கரண்ட் இழுக்கிறது என்று அர்த்தம். அதிக டார்க் சர்வோ போட்டுவிட்டு "கார் சில நேரம் ஒரு நொடி செத்துப் பிழைக்கிறது" என்பவர்கள் பலர். வோல்டேஜ் விழுந்து ரிசீவர் ரீஸ்டார்ட் ஆகிறது, அவ்வளவுதான். ஆனால் டெலிமெட்ரி மெதுவாகத்தான் புதுப்பிக்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்து எழுந்த வோல்டேஜ் அதில் பதிவாகாமலே போகலாம். அதனால் எண் சரியாகத் தெரிகிறது என்பதை வைத்து மின்சாரப் பக்கம் பழுதில்லை என்று முடிவு கட்டாதீர்கள். ரிசீவரின் காலியான போர்ட்டில் ஒரு கெப்பாசிட்டர் செருகிப் பாருங்கள். பலருக்குத் தொல்லை அதோடு தீர்ந்துவிடும்.

மோட்டார் சூடு? ஓடி வந்ததும் டெம்பரேச்சர் கன்னால் பார்த்தால் போதும். இப்போதைய நல்ல ஈஎஸ்சிகள் பலவும் ரேஸ் முழுக்க அதிகபட்சச் சூடு, குறைந்தபட்ச வோல்டேஜ் எல்லாவற்றையும் தாமே பதிந்து வைக்கின்றன. ஹாபிவிங்கின் எக்ஸ்ஆர்10 ப்ரோ மாதிரியானவற்றில் ப்ளூடூத் மாட்யூல் செருகி ஃபோனிலேயே பார்த்துக்கொள்ளலாம். ரேஸ் முடிந்த பிறகு நிதானமாகப் பார்க்கும் எண்ணுக்குத்தான் மதிப்பு அதிகம். ஓட்டும்போது திரையைப் பார்க்க யாருக்கு நேரம்? 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். ஸ்டேண்டில் (ஓட்டுகிறவர்கள் நிற்கும் மேடை) நின்றுகொண்டு குனிந்து நிமிர்வதற்குள் அது ட்ராக் ஓரக் குழாய்ப் பக்கம் கவிழ்ந்து கிடக்கும். ஆகவே ஓட்டும்போது டெலிமெட்ரி என்றால் அலாரம் மட்டுமே என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் கையில் அதிரும் வைப்ரேஷன்தான் நல்லது. நைட்ரோ கார்கள் அலறுகிற இடத்தில் பீப் சத்தம் யார் காதில் விழப்போகிறது?

நைட்ரோவுக்கு வந்தால் கணக்கே வேறு. அங்கே ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் தனியாக ஒரு சின்னப் பேட்டரி. பல கார்களில் அது ரிசீவருக்கு நேராகப் போவதால் திரையில் தெரிவது நிஜமான பேட்டரி வோல்டேஜ். அந்தப் பேட்டரி செத்தால் கார் நிற்காது, எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி, முழு வேகத்தில், யார் பேச்சையும் கேட்காமல் பிட் லேன் பக்கம் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

"ஃபெயில்சேஃப் வைத்திருக்கிறேனே" என்பீர்கள். சிக்னல் போனால் த்ராட்டிலை பிரேக்குக்குக் கொண்டுபோவது ஃபெயில்சேஃப். அதைச் செய்ய சர்வோ நகர வேண்டும், நகர கரண்ட் வேண்டும். பேட்டரியே செத்த பிறகு சர்வோ எங்கே இருந்ததோ அங்கேயே நின்றுவிடும். ஸ்ட்ரெய்ட்டில் முழு த்ராட்டிலில் இருக்கும்போது நின்றால் முடிந்தது கதை. இதற்காகத்தான் கார்புரேட்டரை மூடுவதற்கு ஒரு ரிட்டர்ன் ஸ்பிரிங் போடச் சொல்கிறார்கள். இதற்காகத்தான் சில ரேடியோக்களில் பேட்டரி ஃபெயில்சேஃப் என்று தனியாக ஒன்றும் இருக்கிறது. வோல்டேஜ் நீங்கள் வைத்த அளவுக்குக் கீழே போனதும், சர்வோவுக்கு இன்னும் உயிர் இருக்கும்போதே, த்ராட்டிலை மூடிவிடும். டெலிமெட்ரி அலாரம் அதற்கும் ஒரு படி முன்னால் எச்சரிக்கும். நீங்களே பிட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்திவிடலாம்.

அலாரத்தை எத்தனை வோல்ட்டில் வைப்பது என்பது பேட்டரி வகையைப் பொறுத்தது. 2எஸ் லிப்போ என்றால் வோல்டேஜ் படிப்படியாக இறங்கும், 7.2 அளவில் வைத்தால் சுதாரிக்க நேரம் கிடைக்கும். லைஃபெ (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி அப்படியில்லை. 6.6 பக்கத்திலேயே ரொம்ப நேரம் அசையாமல் நின்றுவிட்டு, கடைசியில் கிணற்றில் போட்ட கல்லாக விழும். அதற்கு 6.2 அளவில் வைக்கலாம், ஆனால் அலாரம் அடித்தால் அந்த லேப்பிலேயே உள்ளே வந்துவிட வேண்டும், "இன்னும் ரெண்டு லேப்" என்பதெல்லாம் கூடாது. லைஃபெ வைத்திருப்பவர்கள் வோல்டேஜை நம்புவதைவிட, சார்ஜ் போடும்போது எத்தனை எம்ஏஎச் ஏறியது என்று பார்த்து, ஒரு மணி நேர ஃபைனலுக்குத் தாங்குமா என்று முன்கூட்டியே கணக்குப் போடுவது மேல். உலகப் போட்டியில் 1/8 நைட்ரோ ஆஃப்ரோடு ஃபைனல் 60 நிமிடம் ஓடுகிறது. டேங்க் 125 சிசிதான் என்பதால் எரிபொருளுக்குப் பல முறை உள்ளே வருவார்கள், ரிசீவர் பேட்டரியை யாரும் மாற்ற மாட்டார்கள்.

அடுத்தது எஞ்சின் சூடு. சிலிண்டர் ஹெட்டைச் சுற்றி ஒரு சென்சாரை மாட்டினால் எண் திரைக்கு வரும். பொதுவாக 100 முதல் 125 டிகிரி செல்சியஸுக்குள் ஓட்டுவார்கள். ஆனால் சென்சாரை எங்கே வைக்கிறோம், காற்று எப்படிப் படுகிறது என்பதைப் பொறுத்தே அந்த எண் கணிசமாக மாறும். பக்கத்து டேபிள்காரர் 115 என்கிறார், எனக்கு 105 தானே காட்டுகிறது என்று நீடிலை (எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் திருகு) இறுக்கினால் எஞ்சின் லீனாகி, அதாவது எரிபொருள் போதாமல், போய்விடும். புகை, சத்தம், வளைவிலிருந்து எழும் விதம் இவற்றைப் பார்த்து ட்யூன் செய்யுங்கள். அப்படிச் சரியாக ஓடும்போது உங்கள் சென்சார் என்ன காட்டுகிறது என்று குறித்து வையுங்கள். பிறகு அதிலிருந்து 10 டிகிரி ஏறினால் ஏதோ மாறியிருக்கிறது என்று தெரியும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நீடிலைத் திருப்புகிற மெக்கானிக் கீழே பிட்டில் நிற்கிறார், எண் தெரியும் திரை மேலே ஸ்டேண்டில் ஓட்டுகிறவர் கையில். அவரோ குனிய முடியாது! அதனால்தான் பலரும் டெலிமெட்ரி இருந்தும் எரிபொருள் நிரப்பும் அந்தச் சில நொடிகளில் மெக்கானிக்கை டெம்பரேச்சர் கன் பிடிக்கச் சொல்கிறார்கள்.

லேப் டைம் ரேடியோவில் தானாக வரும் என்று நினைத்தும் சிலர் வாங்குகிறார்கள். ரேஸில் லேப் எண்ணுவது காரில் மாட்டும் மைலேப்ஸ் மாதிரியான டிரான்ஸ்பாண்டரும் (காரை அடையாளம் காட்டும் சின்னக் கருவி), தரைக்கடியில் போட்ட வயர் லூப்பும். அதற்கும் உங்கள் டிரான்ஸ்மிட்டருக்கும் சம்பந்தம் கிடையாது.

ரெஸ்பான்ஸ் (கை அசைவுக்குக் கார் பதில் தரும் வேகம்) பற்றியும் ஒரு வார்த்தை. சில ரேடியோக்களில் மிக வேகமான மோடைப் போட்டால் டெலிமெட்ரி அணைந்துவிடும், மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், திரையில் டெலிமெட்ரி போய்விட்டது என்பதும் கார் கட்டுப்பாடு போய்விட்டது என்பதும் ஒன்றல்ல. ரிசீவரிலிருந்து திரும்பி வரும் சிக்னல்தான் பெரும்பாலும் முதலில் அறும். அதற்கான எச்சரிக்கைச் சத்தம் கேட்டு நடு ட்ராக்கில் பதறி பிரேக் போட்டால் பின்னால் வருபவர் ஏறிவிடுவார்.

எதை வாங்குவது? முதலில் ஒன்றிரண்டு ரேடியோவைக் கையில் பிடித்துப் பாருங்கள். ட்ரிகர் விரலுக்கு எட்டுகிறதா, வீல் இதமாக இருக்கிறதா என்பதுதான் லேப் டைமை மாற்றும். பிறகு ரிசீவர் விலையைக் கேளுங்கள். மூன்று கார் வைத்திருந்தால் மூன்று ரிசீவர் வேண்டும், அதிலும் நிறையக் கரையும். எலக்ட்ரிக் காருக்கு டெலிமெட்ரி இல்லாத விலை குறைந்த ரிசீவர் போதும், டெலிமெட்ரி உள்ளதை நைட்ரோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பட்ஜெட் குறைவென்றால் ஃப்ளைஸ்கையின் நோபிள் என்பி4, ரேடியோலிங்கின் ஆர்சி6ஜிஎஸ் இரண்டிலும் வோல்டேஜ் டெலிமெட்ரி கிடைக்கிறது. ரேடியோலிங்கோடு வரும் ஆர்7எஃப்ஜி ரிசீவருக்குள் கைரோவும் (கார் வழுக்கும்போது ஸ்டீயரிங்கைத் தானாகத் திருத்தும் கருவி) இருக்கிறது. அமெரிக்காவின் ரோர், ஐரோப்பாவின் எஃப்ரா போன்ற அமைப்புகளின் விதிகளில் கைரோவுக்குத் தடை உண்டு, உள்ளூர் போட்டிகளிலும் பலர் அதையே பின்பற்றுகிறார்கள். அதை ஆஃப் செய்து வைத்திருந்தாலும் சில இடங்களில் அப்படிப்பட்ட ரிசீவரையே விடமாட்டார்கள், என்ட்ரி கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.