கனடாக் குடியுரிமை: கேளுங்கோ, தெரிந்ததைச் சொல்லுறன்

நான் வழக்கறிஞன் இல்லை. டொராண்டோ ஸ்காபரோவில் பல வருசமாகச் சனத்துக்குப் படிவம் நிரப்பிக் குடுக்கிறவன், அவ்வளவுதான்.

கே: அண்ணை, அகதிக் கோரிக்கையோட மூண்டு வருசம், பிஆர் (நிரந்தர வதிவிடம்) கிடைச்சு ரெண்டு வருசம். அஞ்சாச்சு. விண்ணப்பிக்கலாமோ?

ப: பொறுங்கோ தம்பி. இதிலதான் எங்கட சனம் வழுக்கி விழுறது. விண்ணப்பத்தில் கையெழுத்திடும் நாளுக்கு முந்தின ஐந்து வருசத்தில் 1,095 நாள் கனடாவுக்குள் இருந்திருக்க வேணும். பிஆர் நாள் முழுசாகச் சேரும்: 730. கோரிக்கை ஏற்கப்படும் வரை காத்திருந்த நாளுக்கு ஒண்டுமில்லை. ஏற்கப்பட்டதில் இருந்து பிஆர் வரும் வரை ஒவ்வொரு நாளும் அரை நாள், அதுவும் 365க்கு மேல் போகாது. உங்களுக்கு அந்த இடைவெளி ஒரு வருசம் எண்டால் 182. மொத்தம் 912. இன்னும் 183 நாள் வேணும், வெளிநாடு போகாமல். 1,095 வந்த அண்டே போடாதேங்கோ, ரெண்டு மூண்டு கிழமை கூட்டி வையுங்கோ. அமெரிக்காவில, பஃபலோவில் ரெண்டு இரவு தங்கினதை மறந்துபோய், நாள் குறைஞ்சு நிண்டவையை நான் கண்டிருக்கிறன்.

கே: விண்ணப்ப நிலையைக் காட்டுற இணைய டிராக்கரில் பின்னணிச் சோதனை நாலு மாசமா அசையேல்லை. போன் எடுக்கட்டோ?

ப: எடுத்தாலும் அசையாது. அதைக் குடிவரவுத் திணைக்களம் தனியச் செய்யிறதில்லை, மத்திய பொலிஸ் ஆர்சிஎம்பியும் உளவுத்துறை சிஎஸ்ஐஎஸ்ஸும் பார்க்க வேணும். முழு விண்ணப்பத்துக்கும் திணைக்களம் தனக்கு வைச்ச கெடு 12 மாசம். உங்களுக்கு முந்தினவை இந்த டிராக்கரே இல்லாமல் காத்திருந்தவை, அது 2021இல்தான் வந்தது.

கே: எனக்கும் பின்னணிச் சோதனை, ஆறு மாசம்.

ப: மேலே பாருங்கோ.

கே: குடியுரிமைக்கு எழுதுற சோதனை கஷ்டமோ?

ப: 20 கேள்வி, 45 நிமிசம், 15 சரி வேணும். 2020 நவம்பரில் இருந்து வீட்டில இருந்தே எழுதலாம். அரசின் கைநூல் இலவசம். 55 வயசானால் சோதனையே இல்லை.

கே: கடைசியா விழாவில எடுக்கிற சத்தியப்பிரமாணத்தை இணையத்தில ஒரு கிளிக்கில முடிச்சால் தாமதம் குறையுமே?

ப: 2023இல் அரசு அப்பிடி ஒரு யோசனை வைச்சது. முன்னாள் ஆளுநர் நாயகம் ஏட்ரியன் கிளார்க்சனே எதிர்த்தவ.

கே: ஏன் எதிர்க்க வேணும்? வேலைக்கு லீவு எடுக்கத் தேவையில்லையே.

ப: நான் எடுத்த அண்டு பக்கத்தில் ஒரு அம்மா. அட்டையைத் தலைகீழாப் பிடிச்சபடி முழுதையும் சொன்னா. பிரெஞ்சு வந்ததும் வாயை மட்டும் அசைச்சா. பிறகு என்ர கையைப் பிடிச்சு அழுதா. அதை எந்த பட்டனில வைக்கிறது?

கே: அழுகைக்காக ஆக்களைக் காக்க வைக்கலாமோ அண்ணை?

ப: கோப்பு தேங்கி நிக்கிறது பின்னணிச் சோதனையில. அதை விட்டிட்டு விழாவை வெட்டினால் எனக்குக் கோவம் வரும்தான். அடுத்த கேள்வி.

கே: நான் இலங்கைப் பாஸ்போர்ட், மனுசி இந்தியா.

ப: இலங்கைக் குடியுரிமையை வைச்சிருக்க விருப்பமெண்டால் சத்தியம் எடுக்க முதலே தூதரகத்தில் விசாரியுங்கோ. இந்தியா இரட்டைக் குடியுரிமை தராது. பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைச்சு ஓசிஐ (வெளிநாட்டு இந்தியர் அட்டை) எடுக்க வேண்டியதுதான்.

கே: பின்னணிச் சோதனை...

ப: மேலே!

கே: 10ஆம் திகதி சத்தியம், 14ஆம் திகதி சென்னைக்கு டிக்கெட் போட்டிட்டன்.

ப: ஐயோ. சத்தியம் எடுத்தால் பிஆர் கார்ட் செல்லாது. கனடாப் பாஸ்போர்ட் இல்லாமல் திரும்பி வர விமானத்தில் ஏத்தமாட்டினம். டிக்கெட்டை இண்டைக்கே மாத்துங்கோ.