‘ஊழியம்’ என்றால் பிரசங்கம் மட்டும்தானா?

சேலத்தில் ஒருவர் ‘ஊழியம் செய்கிறார்’ என்றால், மைக் பிடித்துப் பிரசங்கிப்பவர் என்றே எடுத்துக்கொள்கிறோம். புதிய ஏற்பாட்டில் ஊழியத்துக்கு வரும் கிரேக்கச் சொல் ‘டியாகோனியா’. பணிவிடை என்று பொருள். பந்தியில் பரிமாறுவதும் அதில் அடக்கம்.

அதே புதிய ஏற்பாட்டில், அப்போஸ்தலர் நடபடிகள் நூலின் 6ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேம் சபையில் அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டார்கள். முணுமுணுப்பு எழுந்தது. சபை அதை மூடி மறைக்கவில்லை. 7 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள்மேல் கைவைத்து ஜெபித்து, அந்த வேலையை ஒப்படைத்தது. சோறு பங்கிட ஜெபம் பண்ணி ஆள் நியமித்த சபை அது!

உறைமோர் கிண்ணத்திலேயே கிடந்தால் புளித்துப்போகும். பாலில் விட்டால்தான் தயிர். ஞாயிறு ஆராதனையும் அப்படித்தான். ஏற்காட்டில் காபிப் பழம் பறித்துக் கறை ஏறிய விரல்களோடு ஓர் அக்கா நற்கருணைக்குக் கை நீட்டுகிறார். திங்கட்கிழமை அந்தக் கைக்குச் சரியான கூலி கிடைக்கிறதா, அவர் பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று கேட்பதும் சபையின் வேலை என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, அப்போது ஜெபமும் போதனையும் இரண்டாம் பட்சமா என்று கேட்கலாம். இல்லை; அதே அதிகாரத்தில் 1ஆம் வசனத்தின் உணவுப் பங்கீட்டுக்கும் 4ஆம் வசனத்தின் தேவ வார்த்தைப் போதனைக்கும் ‘டியாகோனியா’ என்ற ஒரே சொல்தான் வருகிறது.