ஹீட் வரவில்லை என்று வாடகையை நிறுத்தலாமா?

கேள்வி: நியூயார்க் குவீன்ஸில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் குடியிருக்கிறோம். எனக்கு உணவகச் சமையலறையில் வேலை, மனைவிக்கு மருந்துக் கடையில். இரவானால் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் சில்லென்று கிடக்கிறது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சூப்பரிடம் கேட்டால், "பாய்லருக்குப் பார்ட் ஆர்டர் போட்டிருக்கு" என்பதோடு சரி. குழந்தைகள் இருமுகிறார்கள். அடுத்த மாத வாடகையை நிறுத்தி வைக்கலாமா? புகார் செய்தால் காலி பண்ணச் சொல்வார்களா?

பதில்: இப்போதே நிறுத்தாதீர்கள். முதலில் உங்கள் பக்கம் பதிவு சேரட்டும்.

நியூயார்க் நகரச் சட்டப்படி அக்டோபர் 1 முதல் மே 31 வரை ஹீட் பருவம். காலை 6 முதல் இரவு 10 வரை, வெளியே 55 பாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் வீட்டுக்குள் குறைந்தது 68 இருக்க வேண்டும், அதாவது 20 செல்சியஸ். இரவு 10 முதல் காலை 6 வரை, வெளியே எப்படி இருந்தாலும் உள்ளே 62. "குளிருது" என்று சொன்னால் எடுபடாது, எண் வேண்டும். அதனால் இன்றைக்கே ஒரு சாதாரணத் தெர்மாமீட்டர் வாங்குங்கள். ரேடியேட்டருக்கும் ஜன்னலுக்கும் தள்ளி வையுங்கள். தேதி, நேரம், உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி, போனில் படமும் எடுத்து வையுங்கள். சூப்பரிடம் வாயால் சொன்னதையெல்லாம் இனிமேல் வீட்டுக்காரருக்கே மெசேஜாகவோ மின்னஞ்சலாகவோ அனுப்புங்கள்.

அடுத்து, நகர நிர்வாகத்தின் புகார் எண்ணான 311-ஐக் கூப்பிடுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். புகார் நகர வீட்டுவசதித் துறைக்குப் போகும். அவர்கள் முதலில் வீட்டுக்காரரைத் தொடர்புகொள்வார்கள், அப்புறம் ஹீட் வந்ததா என்று குடியிருப்பவர்களைக் கேட்பார்கள். பலருடைய புகார் இந்த இடத்தில்தான் காணாமல் போகிறது. ஒரே கட்டடத்திலிருந்து பல புகார்கள் வந்தால் அவற்றைச் சேர்த்தே பார்ப்பார்கள். யாரோ ஒருவர் "ஆமா, வந்துடுச்சு" என்று சொன்னாலே கட்டடம் முழுவதற்கும் புகாரை மூடிவிட வாய்ப்புண்டு. பகலில் கொஞ்சம் ஹீட் விட்டு ராத்திரியில் அணைக்கிற வீட்டுக்காரருக்கு இது ரொம்ப வசதி. ஆகவே மாடிக்கு மாடி போய் அண்டை வீட்டார்களிடம் பேசுங்கள். எல்லோரும் அவரவர் வீட்டு எண்ணைச் சொல்லிப் புகார் செய்யட்டும். மூடிவிட்டால் அன்றிரவே மறுபடி கூப்பிடுங்கள். ஆய்வாளர் வரும்போது கதவைத் திறக்க ஆள் இல்லையென்றால் அதுவும் வீண்தான். நீங்கள் இருவரும் ஷிஃப்டில் இருப்பீர்கள் என்பதால், வீட்டில் யார் எப்போது இருப்பார்கள் என்பதைப் புகாரிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆய்வாளர் மீறல் என்று எழுதினால் அது உடனடி ஆபத்து வகையான 'சி' வகுப்பில் பதிவாகும். அதற்கும் அசையவில்லையா? வீட்டுவசதி நீதிமன்றத்தில், பழுதைச் சரிசெய்ய உத்தரவு கேட்டு நீங்களே 'எச்.பி.' வழக்குப் போடலாம். கட்டணம் 45 டாலர். கட்ட முடியாவிட்டால் விலக்கு கேட்கலாம். வக்கீல் கட்டாயமில்லை.

இனி வாடகை. வீடு வாழத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்ற உத்தரவாதம் நியூயார்க் மாநிலச் சட்டத்தில் இருக்கிறது. ஹீட் இல்லாத நாட்களுக்கு வாடகையில் கழிவு கேட்கும் உரிமை அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் கழிவு எவ்வளவு என்பதை நீங்களாக முடிவு செய்ய முடியாது. நிறுத்தினால் வீட்டுக்காரர் 14 நாள் நோட்டீஸ் கொடுத்து வழக்குப் போடலாம், நீங்கள் அங்கே பதில் சொல்லியாக வேண்டும். பதிவெல்லாம் கையில் சேர்ந்து, சட்ட உதவி வக்கீல் ஒருவரும் சரி என்று சொன்ன பிறகு நிறுத்தினாலும், அந்தப் பணத்தில் ஒரு டாலரைக்கூடத் தொடாமல் வங்கியில் வையுங்கள். நீதிமன்றத்தில் கையை விரித்தால் நல்ல வழக்கும் கெட்டுப்போகும்.

அதுவரை குளிருக்கு என்ன செய்வது? கேஸ் அடுப்பையோ ஓவனையோ எரியவிட்டுக் குளிர்காயாதீர்கள், கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். மின்சார ஹீட்டர் வாங்கினால் நேரே சுவர் பிளக்கில் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் கார்டு கூடாது. படுக்கையிலிருந்து மூன்றடி தள்ளி இருக்கட்டும், தூங்கும்போது அணைத்துவிடுங்கள். 2022 ஜனவரி 9 அன்று பிராங்ஸில் ஒரு அடுக்குமாடியில் 17 பேர் இறந்த தீ, பழுதான மின்சார ஹீட்டர் ஒன்றிலிருந்து தொடங்கியதுதான். தானாக மூடிக்கொள்ள வேண்டிய கதவுகள் மூடாததால் புகை கட்டடம் முழுக்க ஏறியது. உங்கள் வீட்டு வாசல் கதவு தானாக மூடுகிறதா என்று பாருங்கள். மூடாவிட்டால் அதையும் 311-இல் சொல்லுங்கள்.

காலி பண்ணச் சொல்வார்களா என்ற பயம் நியாயமானதே. ஆனால் நீதிமன்ற உத்தரவில்லாமல் யாரும் உங்களை வெளியேற்ற முடியாது, பூட்டை மாற்றவும் முடியாது. நல்லெண்ணத்தோடு புகார் செய்த ஒரு வருடத்துக்குள் வெளியேற்ற முயன்றால், அது பழிவாங்கல்தான் என்ற அனுமானத்தோடு நீதிமன்றம் தொடங்கும். அப்படி இல்லை என்று காட்டுவது வீட்டுக்காரர் பொறுப்பு. வீட்டுக்காரரே குடியிருக்கும், நான்கு வீட்டுக்குக் குறைவான சிறிய கட்டடங்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது; உங்களுடையது அப்படித் தெரியவில்லை. அனுமதி இல்லாத பேஸ்மென்ட்டில் இருப்பவர்கள் மட்டும் 311-ஐ அழைக்கும் முன் வக்கீலிடம் பேசிக்கொள்ளுங்கள். ஆய்வாளர் வந்து அந்த இடத்தையே காலி செய்ய உத்தரவு போட்டுவிடலாம்.