டெக்சாஸில் தொலைபேசி எடுக்கும் மகள்

கேள்வி: டெக்சாஸில் அரசறிவியல் படிக்கும் என் மகள், ஜனவரியில் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேரப்போகிறாளாம். தொலைபேசி எடுக்கவா கடன்பட்டு அனுப்பினோம்?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: தொலைபேசி எடுக்கத்தான், அம்மா! திருகோணமலைக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவன் சொல்கிறேன். காணி உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு மூதூரிலிருந்து வந்து நிற்பவருக்குப் பதில் சொல்லிப் பழகினால்தான் நிர்வாகம் பிடிபடும். அதிலும் டெக்சாஸ் சட்டமன்றம் நம் பாராளுமன்றம் போல மாதாமாதம் கூடுவதில்லை. ஒற்றைப்படை ஆண்டுகளில்தான் வழமையான கூட்டத்தொடர். அதுவும் அதிகபட்சம் 140 நாட்கள். அதற்குள் ஆயிரக்கணக்கான சட்டமூலங்கள் வந்து குவியும். தொகுதி மக்களின் முறைப்பாட்டைக் கேட்பது, குழு விசாரணையில் குறிப்பெடுப்பது, நீண்ட சட்டமூலத்தை ஒரு பக்கத்தில் சுருக்கிக் கொடுப்பது என்று பிள்ளைக்கு மூச்சுவிட நேரமிராது. இந்த வாய்ப்பைத் தவறவிட்டால் அடுத்த கூட்டத்தொடருக்குள் பட்டமே வாங்கிவிடுவாள்.

மாணவர் விசாவில் இருக்கிறாள் என்றால், தொடங்குமுன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவில் கேட்டு, தேவையான அனுமதியைப் பெறச் சொல்லுங்கள். இதில் அசட்டை கூடாது. பாடப்புள்ளி கிடைக்குமா என்பதைத் தன் துறையில் விசாரிக்கட்டும்.

அதுசரி, அந்த உறுப்பினர் எந்தக் கட்சி? நானாயிருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பேன்.